முட்டை இல்லாமல் பன்னுக்கும் பஃபுக்கும் நிறம் ஏற்றுவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் வீட்டிலேயே பன், பஃப் சுட்டு விற்கத் தொடங்குகிறவர்களை முதல் வாரத்திலேயே தேடிவரும் கேள்வி, "அக்கா, இதுல முட்டை இருக்கா?" என்பது. புரட்டாசி சனி, தைப்பூச விரதம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்று எப்போதும் யாராவது ஒருவர் சைவத்தில் இருப்பார். சீனர்களிலும் முதலாம் பிறைக்கும் பதினைந்தாம் பிறைக்கும் சைவம் சாப்பிடுகிறவர்கள் உண்டு. மாவில் முட்டை சேர்க்காமல் பிசைவது பெரிய வேலை இல்லை. சாதாரண பன் மாவுக்கு முட்டை தேவையே இல்லை. மாட்டிக்கொள்வது கடைசி நிமிடத்தில், ஓவனில் வைக்கும் முன் மேலே தடவும் அந்த மஞ்சள் பூச்சில்தான்.

முட்டைக்குப் பதிலாக ஒரே ஒரு பொருளைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று கடைத்தெருவில் கிடையாது. வேலையைப் பிரித்துக் கொடுத்தால்தான் நினைத்த பலன் வரும்.

1. முட்டை என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்

முட்டைப் பூச்சு மூன்று வேலை செய்கிறது. அதிலுள்ள புரதம், மாவின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரையோடு சேர்ந்து ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுப்பாகிறது. இது நிறம். அதே புரதம் சூட்டில் இறுகி மெல்லிய படலமாகிறது. இது பளபளப்பு. எள், கசகசா போன்றவற்றைப் பிடித்துக்கொள்வது மூன்றாவது.

பால் நிறம் தரும், ஆனால் பளபளப்பு குறைவு. வெண்ணெய் பளபளப்பு தரும், நிறம் பெரிதாக வராது. சர்க்கரைப் பாகு கண்ணாடி போல மின்னும், ஆனால் ஓவனுக்குள் போனால் கருகும். ஆகவே ஓவனுக்கு முன்பு தடவுவது நிறத்துக்கு, ஓவனிலிருந்து எடுத்த பிறகு தடவுவது பளபளப்புக்கு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் அளவும் நேரமும் மட்டுமே.

2. கடையில் வாங்கும்போது டின்னைத் திருப்பிப் படியுங்கள்

ஐடியல் பால் என்று பலரும் சொல்லும் இனிப்பில்லாத டின் பால்தான் இந்த வேலைக்கு முதல் தேர்வு. ஆனால் அலமாரியில் ஒரே மாதிரி இருக்கும் டின்கள் எல்லாம் பால் அல்ல. 'சூசு செஜாட்' என்று போட்டிருந்தால் பால். 'கிரிமர் செஜாட்' என்று போட்டிருந்தால், பாலின் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர். இதில் பால் புரதம் குறைவாக இருக்கும், அதனால் பன் வெளிறிப்போய் வரும். இரண்டு டின்னின் சத்து அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, 100 மில்லிக்குப் புரதம் எதில் அதிகமோ அதை எடுங்கள். இனிப்பு டின் பாலிலும் இதே கதை: 'கிரிமர் மானிஸ்' வேறு, பால் வேறு.

பொருள் பட்டியலில் 'தெலூர்' என்ற சொல் எங்கே வந்தாலும் முட்டைதான். 'செர்புக் தெலூர்' முட்டைத் தூள், 'பூத்தே தெலூர்' வெள்ளைக்கரு. 'அல்புமின்' என்று மட்டும் போட்டிருந்தால் முட்டையாக இருக்கலாம், விசாரித்துவிட்டு வாங்குங்கள். ரொட்டி மிருதுவாக்கும் தூள் வாங்குகிறீர்களா? இ 920 என்ற எண் இருந்தால் கவனம். அது இறகிலிருந்தோ முடியிலிருந்தோ எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். 'முட்டைப் பூச்சுக்கு மாற்று' என்று பாட்டிலில் வருபவை பலவற்றில் பால் புரதம் உண்டு. சைவர்களுக்குச் சரி, பாலும் தொடாதவர்களுக்கு ஆகாது.

பிரஷை மறந்துவிடாதீர்கள். பன்றி முடியில் செய்த பிரஷ்கள் சந்தையில் இருக்கின்றன. பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்தில் செய்த பொருளானாலும் அதைக் குறித்துத் தனியாக வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 2013 முதல் ஆணை உள்ளது. அப்படிக் குறிக்காத பிரஷ்களை 2017-இல் அதிகாரிகள் கடை கடையாகப் பறிமுதல் செய்தார்கள். மலாய் வாடிக்கையாளருக்கும் சரி, சைவ வாடிக்கையாளருக்கும் சரி, சிலிக்கான் அல்லது நைலான் பிரஷ்தான் பதில். உப்பிய பன்னுக்கு மெல்லிய நைலான் நல்லது. சிலிக்கான் சற்று முரடு, பன்னைக் கீறிவிடும். அதை பஃபுக்கும் வெண்ணெய் தடவவும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை தொட்ட பழைய பிரஷைக் கழுவிப் பயன்படுத்துவது வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. 12 பன்னுக்கு 25 முதல் 40 மில்லி பூச்சு போதும். ஒரு லிட்டர் பால் 8 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்கு 20, 30 காசு. டின் பாலும் அதை ஒட்டித்தான் வரும். கிரீம் மட்டும் கையைக் கடிக்கும்: ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி.

3. பன்னுக்குப் பால் பூச்சு

50 முதல் 60 கிராம் எடையுள்ள 12 பன்னுக்கு:

இனிப்பில்லாத டின் பால் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 தேக்கரண்டி, சீனி கால் தேக்கரண்டி. சீனி முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். கரையாத சீனித்துகள் பன்மேல் கரும்புள்ளியாக வரும். டின் பால் இல்லையென்றால் சாதாரணக் கொழுப்புப் பால் 3 மேசைக்கரண்டி எடுத்து, தண்ணீரை விட்டுவிடுங்கள். இதில் நிறம் ஒரு படி குறையும்.

நிறம் இன்னும் ஆழமாக வேண்டுமானால் இந்த அளவுக்குச் சமையல் சோடா கத்தி முனையில் ஒரு துளி போதும். சோடா காரத்தன்மையைக் கூட்டுவதால் பழுப்பாவது வேகமெடுக்கிறது. கூடுதலாகப் போட்டால் சவர்க்கார வாடை வரும், அதை எந்த எசென்ஸாலும் மறைக்க முடியாது.

எப்போது தடவுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பன்னைத் தட்டில் அடுக்கிய உடனே தடவினால், உப்பும்போது பூச்சு காய்ந்து தோலாகி, ஓவனுக்குள் வெடிக்கும். கடைசியாக உப்பி முடிந்து, ஓவன் முழுச்சூட்டுக்கு வந்த பிறகு, உள்ளே வைக்கும் கணத்துக்கு முன் தடவுங்கள். நம் ஊர்ச் சமையலறை மதியம் 32 டிகிரிக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் கடைசி உப்பலுக்கு 40, 45 நிமிடம் போதுமானதாக இருக்கும். ஆகவே 25-ஆவது நிமிடத்திலேயே ஓவனைப் போட்டுவிடுங்கள். உப்பி நிற்கும் பன்னைப் பிரஷால் அழுத்தினால் காற்று இறங்கிச் சப்பையாகும். பிரஷைப் பாத்திரத்தின் ஓரத்தில் வழித்துவிட்டு, படுக்கைவசமாகப் பிடித்து, ஒரே இழுப்பில் போகவேண்டும். பூச்சு வழிந்து தட்டுக்குப் போனால் பன்னின் அடி ஒட்டிக்கொண்டு கருகும்.

180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் கதவைத் திறந்து, தட்டை வெளியே இழுத்து, கதவை உடனே மூடிவிட்டு, இரண்டாம் முறை தடவி உள்ளே வையுங்கள். இந்த இரண்டாம் பூச்சுதான் வித்தியாசத்தைக் காட்டும். மேசைமேல் வைக்கும் 30, 40 லிட்டர் ஓவனில் மேல்கம்பி பன்னுக்கு மிக அருகில் இருக்கும். தட்டைக் கீழிருந்து இரண்டாம் அடுக்கில் வையுங்கள். மேல் சீக்கிரம் நிறம் ஏறினால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போடுங்கள்.

இனிப்பு டின் பாலைச் சிலர் அப்படியே தடவுவார்கள். அதில் பாதிக்கு அருகில் சீனி இருப்பதால் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். ஒரு தேக்கரண்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் தேங்காய் பன்னுக்கு மணம் நன்றாக வரும். தேங்காய்ப் பால் தடவச் சொல்கிறவர்களும் உண்டு. கொழுப்பு பிரிந்து திட்டுத்திட்டாக நிறம் ஏறுவதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

4. பாலும் வேண்டாம் என்பவர்களுக்குச் சோயா

தாவரப் பால்களில் சோயாவில்தான் புரதம் பசும்பாலுக்கு அருகில் வருகிறது. பாதாம், ஓட்ஸ், அரிசிப் பால்களை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், தண்ணீர் தடவியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சோயா பானம் வாங்கும்போது 100 மில்லிக்கு 3 கிராம் புரதமாவது இருக்கிறதா என்று பாருங்கள். குடிப்பதற்கென்று இனிப்புப் போட்டு விற்பதில் புரதம் குறைவு, சீனி அதிகம். காலைச் சந்தையில் சீனி சேர்க்காமல் தனியாக ஊற்றித் தரச் சொல்லி வாங்குவது நல்லது. 3 மேசைக்கரண்டி சோயாப் பாலுக்கு 1 தேக்கரண்டி எண்ணெய், 1 தேக்கரண்டி கூலா மெலாக்கா (தென்னை வெல்லம்) பாகு. மூடி போட்ட போத்தலில் ஊற்றிக் குலுக்குங்கள். எண்ணெய் மேலே மிதந்துவரும் என்பதால் ஒவ்வொரு நான்கு பன்னுக்கும் ஒருமுறை குலுக்க வேண்டும். எண்ணெய் பளபளப்புக்கு, பாகு நிறத்துக்கு. கூலா மெலாக்கா சீனியைவிட வேகமாக நிறம் ஏறும், அதனால் ஓவனை 175 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள்.

5. கொண்டைக்கடலைத் தண்ணீரும் மாவுக் கூழும்

நவராத்திரியில் சுண்டலுக்கு அவித்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள். ஊறவைத்த தண்ணீர் உதவாது. புதுத் தண்ணீரில் உப்புப் போடாமல் அவித்ததுதான் வேண்டும். அது வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பாக வரும்வரை சிறுதீயில் வற்றவைத்து ஆறவிடுங்கள். நிறம் சுமார்தான். ஆனால் எள் ஒட்டுவதற்கு இதைவிட நல்ல பசை இல்லை.

சோளமாவுக் கூழ் ரொட்டிக்கு: 1 தேக்கரண்டி சோளமாவை அரைக் கிண்ணம், அதாவது 120 மில்லி, தண்ணீரில் கரைத்து, கொதித்துக் கண்ணாடி போலாகும்வரை கிளறுங்கள். வெந்து தெளியாத கூழைத் தடவினால் வெள்ளை மாவுப்பொடி படிந்ததுபோல் இருக்கும். ரொட்டி ஓவனுக்குப் போகுமுன் ஒருமுறை, எடுத்த கையோடு ஒருமுறை. பால், சோயா, சீனி எதுவுமே இல்லாத பூச்சு இது. கோயில் அன்னதானத்துக்கு யாருடைய விரதத்தையும் கேட்காமல் கொடுக்கலாம்.

6. பஃப், சுட்ட கறிபாப்

பஃப் மாவுக்குச் சூடும் குளிரும்தான் உயிர். மடித்த பஃபைத் தடவுமுன் 15 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிரீம் இருந்தால் அதை அப்படியே மெல்லியதாகத் தடவலாம், முட்டைக்கு மிக அருகில் வருவது அதுதான். கிரீம் விலை கட்டுப்படியாகாது என்றால் இனிப்பில்லாத டின் பால் 2 மேசைக்கரண்டி, எண்ணெய் அரைத் தேக்கரண்டி. ஒருமுறை தடவி, பத்து நிமிடம் குளிரவைத்து, மறுமுறை தடவுங்கள். கனமாக ஒருமுறை தடவுவதைவிட மெல்லியதாக இருமுறை தடவுவதுதான் மேல்.

வெட்டிய ஓரங்களில் பூச்சு படவே கூடாது. பட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் படுத்துவிடும். வாடிக்கையாளர் "மாவு வேகலையா?" என்று கேட்பது பெரும்பாலும் இதனால்தான். கறிபாப்பின் விளிம்பை ஒட்ட முட்டை வேண்டியதில்லை. மைதா 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி கலந்த பசை போதும். உருளைக்கிழங்குக் கறி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக வைத்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். இந்தச் சூட்டில் பூச்சில் சீனி சேர்க்க வேண்டாம்.

7. அன்னாசி டார்ட், கச்சான் பிஸ்கட்

தீபாவளி ஆர்டர்களில் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது அந்த ஆழ்ந்த மஞ்சள் நிறத்தை. மஞ்சள்கரு இல்லாமல் அது பாலால் மட்டும் வராது. இனிப்பில்லாத டின் பால் 1 மேசைக்கரண்டி, கஸ்டர்ட் தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் அரைத் தேக்கரண்டி. கஸ்டர்ட் தூள் என்பது பெரும்பாலும் நிறமும் மணமும் சேர்த்த சோளமாவு, முட்டை இருக்காது. இருந்தாலும் 'தெலூர்' இல்லை என்று பாக்கெட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 160 டிகிரியில் சுடும்போது, முடிய எட்டு நிமிடம் இருக்கையில் எடுத்துத் தடவி மறுபடி வையுங்கள். தொடக்கத்திலேயே தடவினால் பிஸ்கட் விரியும்போது பூச்சு கோடுகோடாகப் பிளக்கும்.

மஞ்சள்தூள் சேர்க்க நினைத்தால் ஊசிமுனை அளவுக்கு மேல் வேண்டாம். அதோடு சமையல் சோடாவைக் கட்டாயம் சேர்க்காதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் செங்காவியாக மாறும். குங்குமம் தடவிய டார்ட்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

8. ஓவனிலிருந்து எடுத்த பிறகு

எடுத்த ஓரிரு நிமிடத்துக்குள், பன் கை சுடும் சூட்டில் இருக்கையில், உருக்கிய வெண்ணெயையோ தாவர மார்ஜரினையோ தடவுங்கள். 12 பன்னுக்கு 10 கிராம் போதும். மேல்தோல் மிருதுவாகும், மினுங்கும். ஆறிய பன்னில் தடவினால் எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். நெய்யும் தடவலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனால் வெள்ளையாக உறைந்து மங்கிவிடும்.

உடனே சாப்பிடும் பன்னுக்குச் சீனிப் பாகு நன்றாக இருக்கும்: சீனி 100 கிராம், தண்ணீர் 100 மில்லி, கொதி வந்து இரண்டு நிமிடம். பைக்குள் போகிற பன்னுக்கு மட்டும் பாகு வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். சீனி அதை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், பை பன்னோடு ஒட்டி மேல்தோலையே உரித்துக்கொண்டு வரும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கப் போகிறீர்கள் என்றால் வெண்ணெய் ஒன்றே வழி. கம்பித்தட்டில் ஒரு மணி நேரமாவது முழுக்க ஆறிய பிறகு பையில் போடுங்கள். மிதச்சூட்டில் பையில் போட்டால் உள்ளே நீர் கோத்து, பட்ட பாடு முழுக்க மங்கிப்போகும்.

பழம் வைத்த பஃபுக்கு அகர் அகர் பூச்சு: அகர் தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 250 மில்லி, சீனி 50 கிராம், இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும் என்பதால் சூடாகவே தடவ வேண்டும். கடையில் வாங்கும் பழப்பூச்சு ஜெல்லில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், அது விலங்குப் பொருள்.

9. சரியாக வரவில்லை என்றால்

வெளிறியிருக்கிறதா? முதலில் டின் கிரீமரா பாலா என்று பாருங்கள், அடுத்து ஓவன் உண்மையிலேயே 180-க்கு வருகிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சின்ன ஓவன்களின் திருகு காட்டும் எண்ணை நம்ப முடியாது. புள்ளிபுள்ளியாக இருந்தால் சீனி கரையவில்லை. ஒரு பக்கம் மட்டும் கருத்தால் பத்தாவது நிமிடத்தில் இரண்டாம் பூச்சுக்கு எடுக்கும்போதே தட்டைத் திருப்பி வையுங்கள். சுருக்கம் விழுந்தால் அது பூச்சின் தவறல்ல. பன் அளவுக்கு மீறி உப்பிவிட்டது.

எந்தப் பூச்சு உங்கள் ஓவனுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய, ஒரே தட்டில் நான்கு பன்னுக்கு நான்கு பூச்சு தடவிச் சுட்டுப் பாருங்கள். ஆர்டர் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள், எடுத்த பிறகு வேண்டாம்.

மிஞ்சிய பால் பூச்சை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த டின்னை அப்படியே உள்ளே வைக்காமல் மூடிபோட்ட பாத்திரத்துக்கு மாற்றினால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு தட்டு பன்னுக்கு இரண்டு கட்டி என்று கணக்கு எளிது.

10. விற்பதற்கு முன் தாள் வேலை

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிய வேண்டும். அடையாள அட்டைப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. இணையத்திலேயே முடியும். உணவைக் கையாளுகிறவர் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிக்குப் போக வேண்டும். அது ஒரே நாளில் முடியும். டைஃபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊசியின் விலை கிளினிக்குக்குக் கிளினிக் மாறும், போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள். பண்டிகைக்கு முந்திய வாரங்களில் ஊசி தீர்ந்துபோவதும் உண்டு, ஆகவே தீபாவளி ஆர்டர் எண்ணம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். பசார் மாலாம் கடைக்கு ஊராட்சி மன்ற உரிமம் தனி. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. உங்கள் ஊர் எதன் கீழ் என்று பார்த்து அங்கே கேளுங்கள்.

பையில் ஒட்டும் லேபிளில் 'முட்டை இல்லை' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். 1985 உணவு விதிமுறைகளின்படி கோதுமை, சோயா, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும், பூச்சில் மட்டும் இருந்தாலும் சரி. உள்ளூரில் செய்த உணவின் லேபிள் மலாயில் இருக்க வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம். ஹலால் முத்திரையை இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் அல்லது மாநில இஸ்லாமியச் சமய அமைப்பின் சான்று இல்லாமல் போடக்கூடாது. அதே சமையலறையில் முட்டைக் கேக்கும் சுடுகிறீர்கள் என்றால் அதையும் லேபிளில் எழுதிவிடுங்கள், விரதக்காரர் தானே முடிவு செய்துகொள்வார்.